சுக்குக் கிடங்கில் ஒரு மைனஸ்

இன்று களமசேரி வீட்டில் சுக்குப் பொட்டலத்தைப் பிரித்ததும் எழுந்த தூசி மணத்தில், அம்மா வேலை பார்த்த மட்டாஞ்சேரிக் கிடங்கு அப்படியே கண்முன் வந்து நின்றது. அந்த இடத்தில் இப்போது ஒரு ஹோட்டல் இருக்கிறது. அப்போதெல்லாம் பள்ளி விட்டதும் நேராக அங்கேதான் போவேன். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுக்கைப் புடைக்க, முறங்களின் சரசரப்புக்கும் தெருவில் ஆட்டோக்களின் ஹாரனுக்கும் நடுவே, கோணி மூட்டைமேல் நோட்டை வைத்து வீட்டுக்கணக்குப் போடுவேன்.

ஏழாம் வகுப்பில், மைனஸ் பின்னங்கள் வந்த பரீட்சையில் தோற்றேன். மூன்றாவதோடு பள்ளியை விட்ட அம்மா திட்டவில்லை. "போடுறத வாய்விட்டுச் சொல்லு மோளே, நான் கேக்கேன்" என்றாள். மலையாளத்தில் படித்ததை அவளுக்காகத் தமிழில் சொல்லிச் சொல்லிப் போட்டேன். அவள் தலையாட்டுவாள். ஒன்றும் புரியாமல்தான் ஆட்டுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

மறுபரீட்சைக்கு முந்தின நாள், மைனஸ் மூன்றில் இரண்டை மைனஸ் நான்கில் ஒன்பதால் பெருக்கி, மேலும் கீழும் அடித்துச் சுருக்கி, "மைனஸ் இரண்டில் மூன்று" என்று முடித்தேன். அம்மாவின் முறம் நின்றது.

"ரெண்டு மைனஸப் பெருக்குனா ப்ளஸ்ஸுன்னு நேத்து சொன்னியே? இன்னைக்கு மைனஸ் எங்கேருந்து வந்துச்சு?"

விடைக்கு முன்னிருந்த கோட்டை அழித்தேன். மறுநாள் தேறியும்விட்டேன். ஆனால் எனக்கு மறக்காதது, அம்மா மறுபடி முறத்தைத் தூக்கும் முன், எல்லோரும் கேட்டார்களா என்று அந்த வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஒருமுறை பார்த்துக்கொண்டதுதான்.