கழலாத செயின்

என் கணவருக்குச் சர்க்கரை வந்த வருடம்தான் எங்கள் வீட்டுக்குக் கியர் சைக்கிள் வந்தது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். இவருக்கு நடக்கக் கூச்சம். பெரம்பலூரில் பைப்பும் மோட்டாரும் விற்கும் கடை வைத்திருப்பவர், ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்தவர். நடந்தால் நாலு பேர் நிறுத்தி உடம்புக்கு என்னவென்று கேட்பார்கள். சைக்கிளில் போகிறவரை யாரும் நிறுத்த மாட்டார்கள்.

அடுத்த வருடமே திருச்சிக்குப் போய் அதைவிட நல்லதாக ஒன்று வாங்கி வந்தார். பழையது எனக்கு வந்தது.

"நீயும் வா. வூட்டுல உக்காந்து பேப்பர் திருத்திக்கிட்டே இருந்தா இடுப்பு என்னாவும்?" என்றார்.

நான் அரியலூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். சுடிதாரோடு ஹெல்மெட் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிய முதல் நாள், எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்கட்டும் என்று இவரே வாசலில் நின்று போட்டோ எடுத்தார். அன்றைக்கு அவருக்கு என்னைப் பற்றிப் பெருமையாகத்தான் இருந்தது. அதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து போவோம். எங்கள் இருவரைத் தவிர, ஒருவர் பல் டாக்டர். எங்களைவிட இளையவர், இவரை அண்ணே என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுவார். இன்னொருவர் சிமெண்ட் ஆலையில் இஞ்சினியர், அதிகம் பேசாதவர். சில நாள் குரும்பலூர்ப் பக்கம், சில நாள் குன்னம் சாலை. இவர் முன்னால் போவார். நான் அவருடைய பின்சக்கரத்தை ஒட்டியே போவேன். முன்னால் போகிறவர் எதிர்காற்றை வாங்கிக்கொள்வதால் பின்னால் வருகிறவருக்கு உழைப்பு குறைவு. அதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். கியர் மாற்றவும், மேட்டில் மூச்சை அடக்காமல் இருக்கவும் அவரிடம்தான் கற்றேன்.

வார நாட்களில் இவர் எழுந்திருக்க ஏழு மணி ஆகும். நான் இருட்டோடு எழுந்து, குழம்பு வைத்துவிட்டு, தனியாக ஒரு சுற்று போய் வந்துவிடுவேன். அவர் கண் விழிக்கும்போது குளித்து முடித்திருப்பேன். மறைக்க வேண்டும் என்று இல்லை. அவர் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

போன மாசி மாதம் பல் டாக்டர் ஒரு யோசனை சொன்னார். "எல்லாரும் ஒண்ணாவே போறதால யாரு எவ்ளோ வேகம்னே தெரியலண்ணே. ஆளுக்கு ரெண்டு நிமிஷம் இடைவெளி விட்டு, தனித்தனியா குன்னம் போய்த் திரும்பிப் பாப்போம். யாரும் யார் பின்னாடியும் ஒட்டக்கூடாது. போன்ல டைம் பாத்துக்கலாம்."

வரிசை போடும்போது என் பெயரைக் கடைசியில் வைக்கச் சொன்னவர் இவர்தான். "எனக்கு அடுத்து அவ வரட்டும். நடுவழில பஞ்சர் ஆனாலும் திரும்பி வர்றப்ப பாத்துருவேன்."

அந்த அக்கறையில் எனக்கு அப்போது குறை தெரியவில்லை.

அந்த ஞாயிறு காலை பனி விலகாமல் இருந்தது. ஊருக்கு வெளியே இருந்த டீக்கடை முன்னால் இருந்து முதலில் டாக்டர், பிறகு இஞ்சினியர், பிறகு இவர் என்று கிளம்பினார்கள். டீக்கடைக்காரர் கையில் டாக்டரின் போன் இருந்தது. "ம்… போங்க டீச்சர்" என்றார். போனேன்.

முன்னால் யாரும் இல்லாமல் அந்தச் சாலையில் நான் போனது அதுதான் முதல் தடவை. மக்காச்சோளம் அறுத்த காடுகள், பருத்தி, வெங்காயம் காயப்போட்ட களம் எல்லாம் வேகமாகப் பின்னால் போயின. பள்ளிக்கூடம், வீடு, பாத்திரம் ஒன்றும் நினைவில் இல்லை. குன்னத்துக்குக் கொஞ்சம் முன்னால் டாக்டரும் இஞ்சினியரும் எதிரே திரும்பி வந்தார்கள். இவர் வரும்போது கை காட்டினேன். அவர் குனிந்தபடியே போய்விட்டார்.

திரும்பும்போது எதிர்காற்று. கல் ஏற்றிய லாரி ஒன்று கடந்து போய், அதன் புழுதி அடங்கியபோது, தூரத்தில் இவருடைய மஞ்சள் பனியன் தெரிந்தது. அவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டியவர் இல்லை. ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து இன்னும் அழுத்தி மிதித்தேன். பக்கத்தில் போய் வேகத்தைக் குறைத்து, "என்னாச்சுங்க? பஞ்சரா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல."

"மயக்கமா வருதா? நிப்பாட்டுவோமா?"

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல. நீ பின்னாடி வா."

அவர் முகத்தைப் பார்த்தேன். வேர்வை வழிந்தது, ஆனால் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அவரால் முடிந்த வேகமே அதுதான். வழக்கம்போல அவர் பின்னால் ஒட்டிக்கொண்டேன். கொஞ்ச தூரம்தான். என் கால்கள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன. பிரேக் பிடித்துப் பிடித்து வர வேண்டியிருந்தது. பிறகு வலது பக்கம் விலகி, அவரைத் தாண்டிப் போனேன். அவர் மூச்சிரைப்பு மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

டீக்கடையில் டாக்டரும் இஞ்சினியரும் நின்றிருந்தார்கள். நான் முன்னால் வருவதைப் பார்த்து, "அண்ணன் எங்க அண்ணி?" என்று பதறினார் டாக்டர்.

"வர்றாரு. பின்னாடிதான்."

டாக்டர் போனைப் பார்த்தார். இஞ்சினியரைவிடவும் நான் முன்னால். டாக்டருக்கு அடுத்து நான்தான். இஞ்சினியர் எட்டிப் பார்த்துவிட்டு டீயைக் குடிக்க ஆரம்பித்தார். "சூப்பர்" என்று யாரும் சொல்லவில்லை. நான் ஒரு வார்த்தையை எதிர்பார்த்து ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இவர் வந்து இறங்கியதும், "செயின் கழண்டுடுச்சு" என்றார்.

அவர் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். அதில் ஒரு கறுப்புத் தீற்றல்கூட இல்லை. செயினைத் தொட்ட கை எப்படி இருக்கும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "அந்த மேட்டுல எனக்கும் லேசா மாட்டுச்சுண்ணே" என்றார்.

"இவளே நின்னு கேட்டாளே, பஞ்சரான்னு." இவர் என் பக்கம் திரும்பினார். "கேட்டியா இல்லையா?"

"கேட்டேன்."

கேட்டது உண்மைதானே. அதற்கு மேல் சொல்ல என்னை விடவில்லை. "அப்ப அண்ணனோட டைம் கணக்குல வராது" என்றார் டாக்டர். இஞ்சினியர், "காத்தும் மாறிடுச்சு சார். கடைசியா வந்தவங்களுக்கு லாபம்" என்றார். அதிகம் பேசாதவர் அன்று பேசியது அது ஒன்றுதான். கொஞ்ச நேரத்தில் யாருடைய நேரமும் கணக்கில் இல்லை என்று ஆகிவிட்டது. எல்லோரும் பொங்கல் சாப்பிடப் போனோம்.

அதற்கடுத்த ஞாயிறு இவர் எழவில்லை. முட்டி வலி என்றார். அதற்கும் அடுத்த வாரம் தன் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோய்விட்டார், வீட்டில் இடத்தை அடைக்கிறதாம். ஒரு நாள் பள்ளிவிட்டு வந்தபோது என் சைக்கிளும் இல்லை.

"மீன்சுருட்டில அண்ணன் மவனுக்குக் குடுத்துட்டேன். காலேஜ் போக வரக் கேட்டான்."

"நான் தெனமும் ஓட்டுறேனேங்க."

"லாரி போற ரோட்டுல தனியா ஓட்டுறியாம், கடைக்கு வர்றவன் சொல்றான். எதாவது ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது? அதுவுமில்லாம, அது என் சைக்கிள்தானே?"

அவருடையதுதான். தனியாகக் கிடந்த என் ஹெல்மெட்டை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குன்னத்தில் எனக்குத் தேர்வு மேற்பார்வை வேலை இருந்தது. காலையில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் மூன்று சைக்கிள்கள் வரிசையாக எதிரே வந்தன. டாக்டர், இஞ்சினியர், கடைசியில் மஞ்சள் பனியன். அன்று காலை இருப்புக் கணக்கு எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனவர். நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். பிடிபட்டது அவர், ஒளிந்தது நான். அதை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது.

சாயங்காலம், "முட்டி வலி எப்படிங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"இருக்கு" என்றார், டிவியைப் பார்த்தபடி.

அடுத்த மாதச் சம்பளத்தில் நானே திருச்சிக்குப் போய் ஒரு சைக்கிள் வாங்கி வந்து ஹாலில் நிறுத்தினேன். அவர் அதைச் சுற்றிப் போய்ச் சோபாவில் உட்கார்ந்தார். விலை கேட்கவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடைக்கென்று கிளம்புகிறார். கொஞ்ச நேரம் கழித்து நான் அரியலூர்ச் சாலையில் போகிறேன். திரும்பி வந்து இட்லி ஊற்றுவது நான்தான். இரண்டு பேருக்கும் நல்ல பசி இருக்கும். எங்கே போய் வந்தாய் என்று அவரும் கேட்பதில்லை, எங்கே போய் வந்தீர்கள் என்று நானும் கேட்பதில்லை.