சாமியில்லாத படம்

சுவருக்குப் படம் வாங்கப் போன அன்று கடையில் நின்றவர்கள்: நான். என் மனுசி. மனுசியின் தமக்கை. கடைக்கார நானா. வேறு ஆள் இல்லை.

வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப் போன வருசம் அது. கப்பல் தளத்துக்குள் துரைமார் இருந்த வீடுகளின் கதிரை, கட்டில், அலுமாரி எல்லாம் ஏலத்தில் போயின. நானா கிண்ணியா முஸ்லிம் ஆள். பட்டினத்தில் பழைய சாமான் கடை வைத்திருந்தார். ஏலத்தில் ஒரு லொறி நிறையக் கதிரை எடுத்தார். படங்களையும் சேர்த்து ஏற்றிவிட்டார்கள். அவர் கேட்டு எடுக்கவில்லை.

படம் எனக்குத் தேவையில்லை. மனுசிக்குத் தேவை. கலியாணத்துக்கு முன் அவள் ஒரு துரை வீட்டில் குழந்தை பார்த்தவள். அந்த வீட்டு முன்னறையில் ஆள் உயரத்துக்குப் படங்கள் தொங்குமாம். அவற்றுக்குக் கீழேதான் அவர்கள் சாப்பிடுவார்களாம். அதை அவள் மறக்கவில்லை. பாலையூற்றில் நாங்கள் வீடு கட்டிச் சுண்ணாம்பும் பூசி முடிந்தது. வாசலுக்கு நேரே உள்ள சுவர் சும்மா கிடந்தது. பால் காய்ச்சிக் குடிபூருவதற்கு முன் அதில் அப்படி ஒரு படம் வேண்டும் என்றாள். நான் ஒன்று மட்டும் சொன்னேன்.

"சாமிப் படம் வேண்டாம்."

காரணம் மீன். அதற்கு முன் பட்டினத்தில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் சுத்த சைவம். மச்சம் வீட்டுக்குள் வரக்கூடாது. கிணற்றடியில் கல் வைத்து மனுசி மீன் காய்ச்சுவாள். அங்கேயே குந்தியிருந்து சாப்பிடுவேன். மழை வந்தால் மனுசி குடை பிடிப்பாள். எனக்குக் கப்பலில் கயிறு இழுக்கிற வேலை. மீன் இல்லாமல் சோறு இறங்காது. வீடு ஏன் கட்டினாய் என்று கேட்டால், கதிரையில் இருந்து கூரைக்குக் கீழே மீன் சாப்பிடத்தான். வேறு பெரிய எண்ணம் இல்லை.

புது வீட்டில் குசினி சின்னது. சாப்பாட்டு மேசை முன்னறையில் கிடந்தது. சாமிக்கு உள்ளறையில் ஒரு மூலை விட்டிருந்தோம். முன்னறைக்கும் சாமி வந்தால் மீன் வெளியே போகும். மீன் போனால் நானும் போகவேண்டும்.

நானா படங்களைச் சுவரோடு சாத்தி வைத்திருந்தார். கண்ணாடி முழுக்கத் தூசி.

"இத்தாலிப் பக்கம் நானூறு ஐந்நூறு வருசத்துக்கு முந்திக் கீறினதாம். இது அச்சு. ஏலத்தில நிண்ட துரை சொன்னவர்" என்றார். "எங்கட வீட்டில உருவப் படம் தொங்கப்போடுறதில்லை. எனக்கு இதில ஒண்டும் விளங்காது. நீங்களே பாத்து எடுங்க."

முதல் படத்தில் நீலச் சீலை போர்த்த பெண். மடியில் பிள்ளை.

"வடிவாக் கிடக்கு" என்றாள் மனுசி.

"மாதா" என்றார் தமக்கை. "தலையைச் சுத்தி வட்டம் கிடக்கு. உனக்குக் கண் இல்லையே?"

அடுத்த படத்திலும் வட்டம். அதற்கடுத்ததிலும் வட்டம். பிறகு நான் படம் பார்க்கவில்லை. தலைகளை மட்டும் பார்த்தேன். ஒன்றில் வட்டம் இல்லை. நீள மேசை, மேசை நிறையச் சாப்பாடு, ஒரே பக்கமாகப் பல பேர் இருந்தார்கள். எனக்குப் பிடித்துவிட்டது.

"இது சரி" என்றேன்.

"தம்பி, நடுவில இருக்கிறது யேசு" என்றார் நானா. "வட்டம் இல்லாட்டியும் ஆள் அவர்தான்."

ஒரு படம் சுவர்ப் பக்கம் முகம் திருப்பி நின்றது. நானா வேண்டாம் வேண்டாம் என்றார். தமக்கை திருப்பிவிட்டார். கடலில் ஒரு சிப்பி. சிப்பியில் ஒரு பெண் நின்றாள். உடுப்பு இல்லை.

"குளிக்கிற இடத்தில என்ன படம்?" என்றார் தமக்கை. ஆனால் உடனே திருப்பி வைக்கவில்லை.

நானும் பார்த்தேன். அந்தச் சிப்பியில் ஆள் நிற்க ஏலாது. கவிழும்.

"சாமியெண்டால் உடுப்பிருக்கு. உடுப்பில்லாட்டிச் சாமியில்லை" என்றார் நானா. "உங்களுக்கு ரெண்டும் சரிவராது. நான் என்ன செய்ய?"

பிறகு சின்னதாக ஒன்று எடுத்துக் காட்டினார். கறுப்பு உடுப்புப் போட்ட ஒரு பெண். கைமேல் கை வைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தாள். வட்டம் இல்லை. உடுப்பும் இருந்தது. எடுப்போம் என்று நினைத்தேன்.

"பொட்டில்லை. நகையில்லை. புருவமும் இல்லை" என்றார் தமக்கை. "தாலி அறுத்தவள்போலக் கிடக்கு. குடிபூரலுக்கு வாற சனம் முதல் கண்ணில காணுற முழிவியளம் இதுவோ?"

"சிரிக்கிறாளே அக்கா" என்றாள் மனுசி.

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

கடைசிப் படத்தில் ஒரு புருசனும் பெண்சாதியும் வந்தார்கள். அவருக்கு அண்டாபோலப் பெரிய தொப்பி. அவளுக்குப் பச்சை உடுப்பு. அவள் கையை அவர் பிடித்திருந்தார். காலடியில் சின்ன நாய். சன்னலில் தோடம்பழம். வட்டம் இல்லை.

"பிள்ளைத்தாச்சி" என்றார் தமக்கை. "நல்லதுதான்."

"செருப்பைக் கழட்டி ஒரு பக்கம் போட்டிருக்கிறாங்கள், பாருங்க" என்றார் நானா. "நல்ல குடும்பம்."

மனுசி குனிந்தாள். சீலைத் தலைப்பால் படத்துப் பெண்ணின் முகத்துத் தூசியைத் துடைத்தாள். அதுதான் எங்கள் படம் என்று தெரிந்துவிட்டது. நானே தோளில் வைத்துப் பாலையூற்றுக்குக் கொண்டுவந்தேன். வழியில் கண்டவர்கள் எல்லாரும் யார் வீட்டுக் கலியாணப் படம் என்று கேட்டார்கள்.

மனுசி சாம்பல் போட்டுக் கண்ணாடியைத் துடைத்தாள். படத்தில் மேலே ஒரு தொங்கு விளக்கு. அதில் ஒரே ஒரு மெழுகுதிரி எரிந்தது. கடையில் அது தெரியவில்லை.

குடிபூரல் வியாழக்கிழமை. பால் பொங்கியது. சனம் வந்தது. தமக்கை படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். மனுசியைக் கூப்பிட்டார்.

"பகல்ல விளக்கெரியுது, பாத்தியே?"

"ஓம்."

"செருப்பு ஏன் கழட்டிக் கிடக்கு?"

"வீட்டுக்குள்ள எண்டபடியால்."

"நீ துரை வீட்டில வேலை செய்தனி. வெள்ளைக்காரன் வீட்டுக்குள்ள செருப்புக் கழட்டினவனோ?"

"இல்லை அக்கா."

"கையைத் தூக்கி ஆசீர்வாதம் குடுக்கிறார். காலடியில நாய். நாய் ஆற்ற வாகனம்?"

மனுசி என்னைப் பார்த்தாள்.

"வைரவற்ற வாகனம்" என்றார் தமக்கை.

"மச்சாள், வைரவருக்குத் தொப்பி ஏது?" என்று கேட்டேன்.

"குளிர் நாட்டு வைரவர் தம்பி" என்றார்.

சந்தனம் வந்தது. கண்ணாடியில் தொப்பிக்காரருக்கு ஒரு பொட்டு. அவளுக்குக் குங்குமம். ஒரு தட்டில் வடையும் வைத்தார்கள். அதைக் கண்ட சனம் வரிசையில் நின்று கும்பிட்டது. மேசையைச் சுவரோரம் இழுத்து அதன்மேல் குத்துவிளக்கு வைத்தார்கள். நான் சாப்பிட வைத்திருந்த மேசை.

அடுத்த நாள் வெள்ளி. அன்று யாரும் மீன் தொடமாட்டார்கள். நானும் தொடவில்லை. சனிக்கிழமை வேலை முடிந்து வரும்போது கரையில் சூடை மீன் வாங்கினேன். நல்ல புதுச் சூடை. மனுசி பொரித்தாள். வாசம் முன்னறைக்கு வந்தது. பிறகு அவள் கோப்பையில் சோற்றைப் போட்டுப் பின்வாசல் பக்கம் நீட்டினாள்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்குக் கிணத்தடியில சாப்பிடுங்கோ."

"இண்டைக்கு மட்டுமோ?"

அவள் கோப்பையை என் கையில் வைத்தாள். அவளுக்கும் விருப்பமில்லை. ஆனால் பொட்டு வைத்தாகிவிட்டது. விளக்கும் எரிகிறது. தமக்கையிடமும் பயம், சாமியிடமும் பயம். நான் கோப்பையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். சொந்தக் கிணறு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்போது பக்கத்து வீட்டு மாமி இரவல் வாங்கிய பானையைத் திருப்பிக் கொண்டுவந்தார். மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுகிற வேதக்காரப் பெண். என்னைக் கண்டார்.

"தம்பி, புது வீட்டைக் கட்டிப்போட்டு வெளியில ஏன் குந்தியிருக்கிறீர்?"

மனுசி கதையைச் சொன்னாள். மாமி உள்ளே போய்ப் படத்தைப் பார்த்தார். கண்ணாடிக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்க் கனநேரம் பார்த்தார்.

"வெள்ளைக்காரச் சாமி உங்கட சாமியோ பிள்ளை?" என்றார். "சாமியெண்டால் அது எங்கட ஆளாத்தான் இருக்கவேணும்."

"அப்ப உங்கட சாமியோ மாமி?"

"சூசையப்பரெண்டால் தாடி இருக்கும். இவருக்கு மீசையும் இல்லை. எனக்கு இவரைத் தெரியாது."

மனுசி குழம்பிப்போய் நின்றாள்.

"சரி, எங்கட சாமியெண்டே வைப்பம்" என்றார் மாமி. "எங்கட சாமி மீனுக்கு என்ன சொல்லுறது? வெள்ளிக்கிழமை இறைச்சிதான் எங்களுக்கு ஆகாது. அண்டைக்கு எங்கட வீட்டில மீன்தான்."

"வெள்ளிக்கிழமையிலையோ?"

"ஓம். உன்ர மனுசனுக்கு இன்னொரு நாளும் கூடக் கிடைக்குது."

மனுசி சிரித்துவிட்டாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"சாமியெண்டாலும் சாப்பிடலாம், இல்லாட்டியும் சாப்பிடலாம். அப்பிடியோ?"

"அப்பிடித்தான்."

"அக்காவுக்கு ஆர் சொல்லுறது?"

"ரெண்டு மீனைப் பொரிச்சுக் குடுத்தனுப்பு. அவ பிறகு கேக்கமாட்டா."

மனுசி குத்துவிளக்கை உள்ளறை மூலைக்குக் கொண்டுபோனாள். மேசையைத் துடைத்து நடுவுக்கு இழுத்தாள். ஈரத் துணியால் அவருடைய சந்தனத்தை அழித்தாள். அவளுடைய குங்குமத்துக்கு வந்ததும் கையை நிறுத்தினாள்.

"இது இருக்கட்டும். வடிவாக் கிடக்கு."

என்னைக் கூப்பிட்டாள். நான் கதிரையில் இருந்தேன். பொரித்த சட்டியை அப்படியே மேசையில் வைத்தாள். மாமிக்கும் ஒரு கோப்பை வந்தது. சாப்பிடும்போது நான் கதைப்பதில்லை. அவர்கள் இரண்டு பேரும் கதைத்தார்கள். வெளியில் மழை பிடித்தது. நான் எழும்பவில்லை. சட்டி முடியும்வரை இருந்தேன்.

சூடை மீன், என் கணக்கில்: பத்தொன்பது.