ஆகாது என்றால் ஆம்

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருந்ததால் தெருவில் அவளுக்குப் 'பல்லக்கா' என்றே பெயர். வந்தவர் வாயைத் திறப்பதற்குள் எந்தப் பல் என்று சொல்லிவிடுவாள்.

மறுநாள் வரவேண்டியவர்களை முந்தின நாளே போனில் கேட்டுவைப்பது அவள் வேலை. அதற்கு டாக்டர் ஒரு மென்பொருள் வாங்கினார். 'நாளை வருகிறீர்களா?' என்று அது செய்தி அனுப்பும். பதிலைப் பார்த்து நேரத்தை உறுதிசெய்யும், அல்லது ரத்து செய்யும்.

முதல் திங்கட்கிழமையே கூத்து. கன்னம் வீங்கிய தையல்காரர் வந்து நின்றார். பட்டியலில் அவர் இல்லை. பட்டியலில் இருந்த வாத்தியாரைக் காணோம்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்க?" என்று டாக்டர் அவள்மேல் பாய்ந்தார்.

பல்லக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. தையல்காரரை உள்ளே அனுப்பிவிட்டு, வந்திருந்த பதில்களை வரிசையாகப் படித்தாள். 'இதுக்காகத்தானே காத்திருக்கேன்' என்று தையல்காரர் எழுதியிருந்தார். ரத்து. 'ஆகாதும்மா, வெளியூர்ல இருக்கேன்' என்று வாத்தியார் எழுதியிருந்தார். உறுதி! நாலாவது பதிலில் பிடிபட்டது. 'ஆ'வில் தொடங்கினால் ஆம், 'இ'யில் தொடங்கினால் இல்லை. முதல் எழுத்துக்கு மேல் மென்பொருள் படிப்பதே கிடையாது.

மென்பொருள் எழுதியவரை வரவழைத்தாள். அவர் நம்பவில்லை. அவர் கண்ணெதிரிலேயே தன் கைப்பேசியில் 'ஆளை விடுங்க சாமி' என்று தட்டினாள். 'மகிழ்ச்சி, காத்திருக்கிறோம்' என்று பதில் வந்தது. மனுஷர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"முதல்ல இதை வேற ஒரு மொழிக்குச் செஞ்சேன் மேடம், அதுக்கு ஒரு எழுத்தே போதுமா இருந்துச்சு. அப்படியே இங்கயும் போட்டுட்டேன்."

"ஒத்த எழுத்துல பதில் சொல்லிட்டா நம்மாளுங்களுக்குத் தூக்கம் வருமா சார்?"

இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து இருவரும் பழைய பதில்களைப் பிரித்தார்கள். 'வராம இருப்பேனா', ஆம். 'இல்ல இல்ல, கண்டிப்பா வரேன்', அதுவும் ஆம். 'பாக்கலாம்' வந்ததும் சண்டை மூண்டது. அவர் ஆம் என்றார்.

"பாக்கலாம்னா வரமாட்டாங்க சார்."

"உறுதியா?"

அவள் யோசித்தாள். "அப்படியும் சொல்ல முடியாது. என் நாத்தனார் பாக்கலாம்னுட்டு குடும்பத்தோட வந்து நிப்பா. சந்தேகம்னா உங்க மிஷின் திருப்பிக் கேக்கட்டுமே, வாய் வலிக்குமா என்ன?"

அப்படியே செய்தார். அடுத்த வாரம் நாற்காலி காலியாகவே இல்லை. "அன்னிக்குக் கத்தினது தப்பும்மா" என்று டாக்டர், மேசையைப் பார்த்தபடி, சொன்னார்.

இப்போது வாரத்தில் இரண்டு மதியம் மென்பொருள் அலுவலகத்திலும் அவளுக்கு ஒரு மேசை. வேற்றுமொழிக்காரர்களைத் தேடிப்பிடித்து, ஆமாம் என்பதை எப்படியெல்லாம் சொல்வார்கள் என்று கேட்டு எழுதுகிறாள். எதிர்வீட்டு நர்ஸின் மொழியில் 'நே' என்றால் 'ஆமாம்' என்று அர்த்தமாம். சலவைக்கடைக்காரர் இருபத்தாறு விதம் சொன்னார். இல்லை என்பதற்கு அவர் மொழியில் ஒரே சொல்தான். அதையும் முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்களாம்.