லெசோத்தோவுக்குப் புறப்பட்ட அம்மாவுக்கு நான் சொன்ன புத்தி

எல்ல என்ற மலையூரில் ஒரு விருந்தினர் விடுதியில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். ரயிலில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும், அட்டைக் கடிக்கு என்ன பூச வேண்டும் என்று வெள்ளைக்காரர்களுக்குச் சொல்வதே என் பிழைப்பு. நான் மட்டும் இலங்கையை விட்டு ஓரடி நகர்ந்ததில்லை. அதற்காக வாய் சும்மா இருக்குமா?

என் தங்கச்சி லெசோத்தோவில் ஒரு கார்மென்ட்ஸில் மேற்பார்வை வேலை செய்கிறாள். நாலு பக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த சின்ன மலைநாடு அது. உடன் வேலை செய்தவரை அங்கேயே கல்யாணம் முடித்து, பிள்ளையும் உண்டானாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது எங்கள் வழக்கம். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் அம்மாவே போவதென்று முடிவாயிற்று.

“வலி வர்றப்ப அம்மா பக்கத்துல இருந்தா போதும்ணே” என்றாள். வேறெதுவும் அவள் கேட்கவில்லை.

அம்மா நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். பஸ்ஸில் ஏறினால் இறங்குவதற்குள் நாலு குடும்பத்துக் கதை அவர் கைக்கு வந்துவிடும். தெரிந்த வழியையே பத்துப் பேரிடம் கேட்பார். பக்கத்தில் நிற்கும் எனக்கு மானம் போகும். இப்போது அப்படி நினைத்ததற்காகத்தான் வெட்கப்படுகிறேன்.

நாலு நாள் போனில் தேடி, இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். ஆப்பிரிக்கா என்றதும் வெயில் என்று நினைக்க வேண்டாம், ஜூன், ஜூலையில் அங்கே பனி விழும், கம்பளியைப் பெட்டியின் அடியில் வைக்க வேண்டாம். தென்னாப்பிரிக்கக் காசு அங்கே செல்லும், அங்கத்துக் காசு வெளியே செல்லாது. பாஸ்போர்ட்டில் வெற்றுப் பக்கங்கள் இருக்க வேண்டும். மலை உயரம், முதல் நாள் வேகமாக நடக்க வேண்டாம். ஒன்றுகூடத் தப்பில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

பெட்டியைக் கட்டும்போது வாயாலும் ஒன்று சொன்னேன்.

“அம்மா, போற எடத்துல கண்டவங்ககிட்டயெல்லாம் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க. தோட்டத்து ஆபீஸ்ல எப்புடி இருப்பீங்க? பேரு கூப்புட்ட பொறகுதானே படியேறுவீங்க? அதே மாதிரி பேசாம உக்காந்திருங்க.”

“சரிப்பா, நான் எதுக்குப் பேசுறேன்” என்றார்.

வளைகுடா நாடொன்றில் விமானம் மாற வேண்டியிருந்தது. அங்கே ஒரு பணிப்பெண் அம்மாவைச் சரியான வாசலுக்கு முன்னாலேயே உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்த விமான நிலையத்தில் அறிவிப்பே செய்வதில்லையாம், பலகையைப் பார்த்து நாமாகப் போக வேண்டும். அது நான் எழுதிய இரண்டு பக்கத்தில் இல்லை. கண் முன்னால் வரிசை நின்று, நகர்ந்து, தீர்ந்து, கதவும் சாத்தியாயிற்று. அம்மா சீட்டைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்திருக்கிறார்.

மறுநாள் விமானத்தில்தான் இடம் கிடைத்தது. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து அரை நாள் ஆகியிருந்தது.

தங்கச்சி போன் எடுத்தாள். பெண் பிள்ளை, நல்ல சுகம் என்றாள். பிறகு, “வலி வந்தப்ப பக்கத்துக் கட்டில்ல இருந்த ஒரு பொம்பளையோட கையத்தான் புடிச்சிக்கிட்டேன்ணே. அவங்க பாஷையில ஏதோ ஆறுதல் சொல்லிக்கிட்டே இருந்தாங்க, எனக்கு ஒன்னும் வெளங்கல” என்றாள். அம்மா ஏன் பிந்தினார் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கோழைத்தனம்தான், வேறென்ன.

அம்மாவும் என்னைக் குறை சொன்னதில்லை. “எல்லாரும் போறத பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். என் பேர யாரும் கூப்புடலையேப்பா” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தார். வீட்டுக்குக் கூட்டிப் போகும் வழியில், பதுளை பஸ் நிலையத்தில் ஒரு பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஐந்தடி தூரத்தில் கண்டக்டர் நின்றார். அம்மா அவரைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

“தம்பி, இது நமுனுகுல பஸ்ஸான்னு அவருகிட்ட கேக்கலாமா?” என்றார், மெதுவாக.

“கேளுங்கம்மா” என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் நான்தான் போய்க் கேட்டேன்.