படுக்கையறைக்கு வந்தவை சிவப்பெறும்புகள்

ஷைனி செல்போனில் இருந்ததை முதலில் இங்கிலீஷில் படித்தாள். பிறகு தமிழில் சொல்ல ஆரம்பித்து, மாமியாரின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தினாள்.

“முழுசா சொல்லு” என்றாள் சிலுவையம்மாள்.

சிலுவையம்மாள் கூட்டிப் பெருக்கும் வாடகை மாடியில் பெங்களூரிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கிப் போன புருஷன் பெண்டாட்டி எழுதியிருந்தார்கள். தலையணையில் எறும்பு, கழுத்தெல்லாம் தடிப்பு, வீட்டைக் கூட்டுவதே இல்லை போலிருக்கிறது. அதற்குக் கீழே வீட்டுக்காரர் டெரிக் பதில் போட்டிருந்தார்: வருந்துகிறோம், சுத்தம் செய்யும் சிலுவையம்மாளைக் கண்டித்துவிட்டோம், இனி நடக்காது.

“எப்ப அத்தை உங்கள கண்டிச்சாரு?”

“நீ சொல்லித்தான் எனக்கே தெரியுது. ஊரு உலகத்துக்கெல்லாம் பேரு போட்டு சொல்லிக்கீறாரு. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல பாரு!”

அன்று ராத்திரி, “எறும்புக்கு இவ்ளோ பேஜாரா?” என்று சிரித்த புருஷன் லூயிஸ் முன்னால் குழம்புச் சட்டி நங்கென்று வந்து உட்கார்ந்தது.

சிலுவையம்மாளுக்கு ஐம்பத்து நான்கு வயது. பதினெட்டு வருஷம் காசிமேட்டில் இறால் உரிக்கும் கொட்டகையில் நின்றவள். கொட்டகையை மூடியபின், ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் டெரிக் தன் அத்தை வீட்டு மாடியை நாள் வாடகைக்கு விட ஆரம்பித்தபோது, சாவியை இவளிடம்தான் கொடுத்தார். நாலு வருஷம் ஆகிறது. விடியலில் மீன்பிடித் துறைமுகம் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவார்கள். விளம்பரத்தில் இவள் படத்தைப் போட்டு, ‘சிலுவை அக்கா உங்களைப் பார்த்துக்கொள்வார்’ என்று டெரிக்தான் எழுதினார். வருகிறவர்கள் பெட்டியை வைக்குமுன்பே “ஹாய் சிலுவை அக்கா” என்பார்கள். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் அதே தெருவில் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் இவளைக் கேட்டு வைத்திருக்கிறார்கள். இப்போது அதே பெயர் எறும்போடு நிற்கிறது.

மறுநாள் காலை அவள் மாடி ஏறியபோது டெரிக் படுக்கையறையில் மண்டியிட்டு எறும்பைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு அடுத்த ஆட்கள் வருகிறார்கள்.

“சிலுவைக்கா, போன்ல போட்டுப் பாத்துட்டேன். இது இனிப்புக்கு வர்ற எறும்பாம். கட்டிலுக்கு அடியில கேக் தூள் ஏதாவது விட்டிருப்பீங்க.”

“இன்னொரு தபா எடுங்க சார்.”

வழக்கமாகத் தம்பி என்பவள் சார் என்றதை அவர் கவனித்தமாதிரி தெரியவில்லை. இன்னொரு படம் எடுத்தார். போன் இம்முறை வேறு பெயர் சொன்னது. அந்த எறும்பு பிரேசில் காட்டில் இருக்கிறதாம்.

“பிரேசில்லேர்ந்து எந்த பஸ் ஏறி வந்துச்சு? பதினெட்டு வருஷம் எறும்போட குடும்பம் நடத்துனவ நான். எங்கையில கேளுங்க.”

கொட்டகையில் முதலில் கற்றுக்கொள்வதே அதுதான். டீக்கு வைத்த சர்க்கரைக்குப் பிள்ளையார் எறும்பு வரும். கறுப்பு, குறுக்கும் நெடுக்கும் ஓடும், கடிக்காது. உரித்த இறாலுக்குச் சிவப்பு வரும், வரிசை கலையாது. இறால் கொம்பு குத்திய விரலில் அது கடித்தால் இரண்டு நாளைக்கு இறால் குடல் எடுக்கும் ஊசியைப் பிடிக்க முடியாது.

சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை சர்க்கரை கொண்டுவந்து தரையில் காகிதத்தில் வைத்தாள். இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை அவிழ்த்து, வீட்டிலிருந்தே கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டைப் பொடித்துப் பக்கத்துக் காகிதத்தில் போட்டாள்.

“ஐயோ, கெஸ்ட் வர்ற நேரத்துல ரூம்ல கருவாடா?”

“சும்மா குந்துங்க சார்.”

கால் மணி நேரம் இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சர்க்கரையை ஒரு எறும்பு மோந்து பார்த்துவிட்டுப் போனது. கருவாடு சிவந்துவிட்டது.

“பாத்தீங்களா? கேக்கு துன்ற எறும்பா இது? இந்த ரூம்ல மீனு எங்க கீது, அத்த சொல்லுங்க.”

“மீனா? இங்க எப்படி?”

அவள் வரிசையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு போனாள். சுவரோரம், ஜன்னல் சட்டம், திரைக் கம்பி. அங்கிருந்து கட்டில் தலைமாட்டுக்கு மேல் சுவர் முழுக்க விரித்து மாட்டியிருந்த மீன்வலைக்குள் வரிசை போய் மறைந்தது.

போன வாரம் மகள் பிரசவத்துக்காக அவள் திருவொற்றியூர் போயிருந்தபோது டெரிக் மாட்டிய அலங்காரம் அது. வலையும், நடுவில் சங்கும் சோழியும். வந்து பார்த்தவள் அலசித்தான் மாட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். ராயபுரத்தில் பிறந்தவருக்கு அதுகூடவா தெரியாது!

ஒரு முடிச்சை நகத்தால் நெம்பினாள். காய்ந்த செதில் இரண்டும் ஒரு பொடி நண்டுக் காலும் உள்ளங்கையில் விழுந்தன.

“அலசுனீங்களா சார் இத்த?”

“கடல்லேர்ந்து வந்ததுக்கா. நாள் பூரா தண்ணிக்குள்ளதானே இருந்துச்சு? புதுசா குடுக்கறேன்னாங்க. பழசுதான் வேணும், கழுவாம அப்படியே குடுங்கன்னு கேட்டு வாங்கினேன். கழுவினா அந்த நிஜம் போயிடும்.”

“போவல சார், நிஜம் அப்படியே கீது! பெங்களூருக்காரங்க கழுத்துலயே ஏறிச்சே! எங்க வூட்ல அலசி காயாத வலைய நிலைப்படி தாண்ட வுட மாட்டோம். நீங்க தலகாணிக்கு மேல மாட்டிட்டு, சிலுவைக்குக் கூட்டத் தெரிலன்னு எழுதுவீங்களா? போட்டீங்களே, அத்த எடுங்க.”

“அப்புறமா எடுக்கறேன்கா. மொதல்ல பெட் போடுங்க, பதினொன்னரை ஆயிடுச்சு.”

அவள் துவைத்த விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். “எடுங்க. பொறவு போடறேன்.”

டெரிக் போனில் தட்டினார். அவள் வீட்டிலிருந்த ஷைனியைத் தன் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் படிக்கச் சொன்னாள்.

“‘பூச்சிப் பிரச்சினை சரிசெய்யப்பட்டது’ன்னு போட்டுக்கீறாரு அத்தை.”

“எம்பேரு?”

“இல்ல.”

“திட்டும்போது மட்டும் பேரு தெரிஞ்சுதா?” என்று டெரிக்கைப் பார்த்தாள்.

மறுபடி தட்டினார். ஷைனி படித்தாள்: “‘கழுவாத மீன்வலையை மாட்டியது என் தவறு. சிலுவையம்மாள் வீட்டைச் சுத்தமாகவே வைத்திருந்தார்.’ இப்ப சரி அத்தை. ஆனா கண்டிச்சோம்னு போட்டது மேல அப்படியே கீது.”

“அதையும் எடுத்தா நான் கெஸ்ட்டுக்குச் சாரி சொன்னதும் சேந்து போயிடும்கா.”

“வேற சாரி எழுதிக்கோங்க. நடக்காத ஒன்னு அங்க எதுக்கு நிக்கணும்?”

அதையும் எடுத்தார். ஷைனி பார்த்துவிட்டு இல்லை என்றபிறகுதான் சிலுவையம்மாள் எழுந்து விரிப்பை உதறினாள்.

டெரிக் நாற்காலி போட்டு ஏறி வலையைக் கழற்றினார். “இத மட்டும் நீங்களே அலசி…”

“நீங்க மாட்டுனது, நீங்க அலசுங்க. ரெண்டு நாளு நல்ல தண்ணில ஊறணும். மொட்டமாடில போட்டா காக்கா வரும், குந்திகினு பாத்துக்கோங்க.”

அவர் வலையைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு படியில் ஏறினார். பாதிப் படியில் ஒரு சத்தம் கேட்டது.

“அக்கா, கடிக்குதுக்கா!”

“கடிக்கும்” என்றாள், தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டே.