உமியில் சுட்ட கன்வேட்டர்

உமி நெருப்பிலிருந்து அதைக் குறட்டால் பிடித்துத் தூக்கினான் உதயரூபன். வேனின் புகைக்குழாயிலிருந்து கழற்றிய கன்வேட்டர் அது; சின்னப் பூசணிக்காய் அளவில் ஓர் இரும்புக் குடுவை. இரண்டு பக்கமும் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு ஆறுவதற்குள் கொண்டுபோய் வாளிக்குள் அமுக்கினான். கொறுக்காய்ப்புளி கரைத்த தண்ணீர் சீறிப் பொங்கியது. முற்றமெல்லாம் மீன்குழம்பு மணத்தது.

"இஞ்சாருங்க, அது குத்துவிளக்கில்ல, புளி போட்டுத் தேய்க்கிறதுக்கு."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அவன் மனைவி அன்னப்பூரணி.

"கரி எண்டாக் கரிதான்கா. விளக்கில பிடிச்சா என்ன, வேனில பிடிச்சா என்ன?"

"அப்பச் சாம்பலும் போட்டு மினுக்குங்க. மினுக்கிட்டுப் பொட்டும் வைங்க."

சிரிக்கப்போய் அவளுக்கு மூச்சு வாங்கியது. பாதம் வீங்கி, செருப்புக்குள் நுழைய மறுத்தது. அடுத்த நாள் ரத்தம் சுத்திகரிக்கும் நாள். விடிவதற்கு முன் உன்னிச்சைக் கிராமத்திலிருந்து புறப்பட்டால்தான் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் மெஷினுக்கு நேரத்துக்குப் போகலாம். முதல் பஸ் அதற்குப் பிறகுதான் வரும். வந்தாலும் அவளால் நின்றுகொண்டு போக முடியாது.

உதயரூபன் வாகரைக்காரன். கடலில் வலை இழுத்தவனின் மகன். இந்தப் பக்கத்து வழக்கப்படி கல்யாணம் முடித்த அன்றே பெண்ணின் சீதன வீட்டுக்கு வந்துவிட்டான். கட்டார் நாட்டில் லொறி ஓட்டிய காசில் இந்தப் பழைய வேனை வாங்கினான். கோயில், கல்யாணம், செத்த வீடு என்று வாடகைக்கு ஹயர் ஓடினான். பிள்ளைகள் இல்லை. அவளுடைய சிறுநீரகங்கள் கைவிட்ட பிறகு, மெஷின் நாட்களில் ஹயர் கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பினான். மற்ற நாட்களிலும் அதனால் ஆட்கள் குறைந்தார்கள்.

அவளுடைய அக்கா மங்கையற்கரசி ஆஸ்பத்திரிக்குக் கிட்ட, கல்லடியில் இருந்தாள். என்னோடு வந்து இரு என்று நாள் தவறாமல் கூப்பிடுவாள். அன்னப்பூரணி அசையவில்லை.

"இது அம்மா எனக்கெண்டு எழுதின வீடு. என்ட வீட்டை விட்டுட்டு அக்காட குசினியில தண்ணி அளந்து குடிச்சிட்டுக் கிடக்க என்னால ஏலா."

"நாளைக்கு வேன் நிண்டா என்னடி செய்வாய்?" என்று கேட்டாளாம் அக்கா.

"நிண்டா வாறன்" என்று சொல்லிவிட்டாள். அது சும்மா சொன்ன வார்த்தை இல்லை என்பது உதயரூபனுக்குத் தெரியும்.

சொல்லி இரண்டு மாதம் போகவில்லை, வேன் இழுக்க மறுத்தது. ஆயித்தியமலை வீதியில் நெல்மூடை கட்டிய சைக்கிள் அவனை முந்திப் போனது. ஏறாவூருக்கு மெல்ல உருட்டி ஓட்டிப் போனான். அங்கே மெக்கானிக் பஹ்மி அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"அண்ணன், இது வாயைப் பொத்திக்கிட்டு ஓடுற ஆள் மாதிரி. மூச்சு வெளிய போகுதில்ல. புகையைச் சுத்தமாக்குற கன்வேட்டருக்குள்ள தேன்கூடு மாதிரி ஒரு கல் இரிக்கு. அது அடைச்சிட்டு."

"கழுவினாப் போகாதா? போன் வீடியோவில பெயின்ட் தினர் ஊத்திக் கழுவிக் காட்டுறானே."

"போனில மொட்டைத் தலையிலயும் முடி முளைக்க வச்சுக் காட்டுறான். நம்புறீங்களா? வெறும் கரி எண்டாக் கொஞ்சம் போகும். உங்கட எஞ்சின் ஒயில் குடிக்குது. அந்தச் சாம்பல் கல்லோட கல்லா இறுகிப் போயிரிக்கும். கழுவினாலும் திரும்ப அடைக்கும். எஞ்சினைப் பிரிக்கணும். ஒரு கிழமைக்கு வேனை விட்டுட்டுப் போங்க."

"ஒரு கிழமை ஏலாது தம்பி. வீட்டில மெஷினுக்குப் போறவ."

"அப்ப இதை வெட்டி எடுத்துட்டு வெறும் குழாயை வைப்பமா?"

"புகை டெஸ்டில விடமாட்டானே?"

"விடமாட்டான்தான்."

உதயரூபன் வேனைத் திருப்பிக்கொண்டு வந்தான். முதலில் பெற்றோலோடு தினரைக் கலந்து குளக்கட்டு வீதியில் விரட்டி ஓட்டினான். தினர் மணந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. பிறகுதான் கன்வேட்டரைக் கழற்றினான். பழுக்கக் காய்ந்த இரும்பைத் தண்ணீரில் தோய்த்தால் பொருக்கு கழன்று விழும் என்பது கொல்லன் பட்டறையில் பார்த்தது. உள்ளே இருந்தது இரும்பில்லை. அதை அவன் யோசிக்கவில்லை.

வாளியிலிருந்து எடுத்து மரச் சுத்தியலால் தட்டினான். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது.

"கரி உதிருது. கேக்குதா?"

"கேக்குது."

கவிழ்த்தான். கறுப்புத் தண்ணீரோடு சாம்பல் நிறத்தில் சிறு துண்டுகள் விழுந்தன. உடைந்த ஓட்டுச் சில்லுப் போல விளிம்பு கூராக இருந்தது. கரிக்கு அந்த நிறம் வராது. அவள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, காலால் மண்ணை இழுத்து மூடினான்.

பின்னேரம் அதைத் திரும்ப வேனில் பூட்டி ஓட்டிப் பார்த்தபோது வேன் பாய்ந்தது. வாங்கிய நாளில்கூட அப்படி இழுத்ததில்லை. ஹோர்ன் அடித்தான். அவள் வந்து முன் சீற்றில் ஏறினாள். குளக்கட்டு வரை போய் வந்தார்கள். தண்ணீருக்கு மேல் கொக்குகள் திரும்பிக்கொண்டிருந்தன. அவள் அக்காவுக்குப் போன் எடுத்தாள்.

"வேன் சரி வந்திட்டு அக்கா. ஓம். இவர்தான் செய்தவர். நீங்க பாயை விரிச்சு வைக்க வேணாம்."

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தான்.

விடியற்காலை, வவுணதீவைத் தாண்டும்வரை குறை ஏதுமில்லை. அங்கே ஒரு குழியில் சக்கரம் இறங்கி ஏறியது. அடியில் கலகலத்தது. பிறகு அக்சிலேற்றரை மிதிக்க மிதிக்க வேன் தளர்ந்தது. வலையிறவுப் பாலத்தில் ஏறி, நடுவில் இருமி நின்றது. உடைந்த கல்லெல்லாம் சைலன்சருக்குள் போய் இறுகிக்கொண்டது. இருந்த கொஞ்ச வழியும் அடைபட்டது.

இறங்கிக் கீழே குனிந்தான். கிட்டப் போக முடியாத சூடு. திரும்பவும் ஸ்டார்ட் செய்தான். எஞ்சின் பிடித்தது, உடனே செத்தது. வாவியில் தோணிக்காரர்கள் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி இழுத்தான்.

அன்னப்பூரணி சீற்றிலேயே இருந்தாள்.

"இஞ்சாருங்க. நேத்து உதிர்ந்தது கரியில்லத்தானே?"

அவன் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்தான்.

"இல்ல."

"எனக்கும் அப்பவே விளங்கிட்டு." கண்ணாடி வழியே வெளியே பார்த்தாள். "கேட்டா நீங்க பொய் சொல்லமாட்டீங்க எண்டுதான் கேக்கல்ல."

எதிரே வந்த ஓட்டோவை மறித்தான். அது திரும்பி நின்றது. அவளைக் கைத்தாங்கலாக இறக்கி ஏற்றினான். பாலத்தின் நடுவில் வேனை விட்டுவிட்டுப் போக முடியாது. மருந்துப் பையை அவள் மடியில் வைத்தான்.

"மெஷின் முடிய நான் வந்து கூட்டிட்டு வாறன்."

"எதில?"

அவன் திரும்பிப் பாலத்தில் நின்ற வேனைப் பார்த்தான்.

"அக்காவுக்குப் போன் எடுத்து ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க" என்றாள். ஓட்டோ போனது.

வழியில் வந்தவர்களோடு வேனைப் பாலத்துக்கு அப்பால் தள்ளி ஓரங்கட்டினான். மறுநாள் ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கட்டி வேனை ஏறாவூருக்கு இழுத்துப் போனார்கள். பஹ்மி சைலன்சரை வெட்டிக் கொட்டிப் பார்த்தான். எஞ்சினைப் பிரிக்க ஒரு கிழமைக்கு மேல் ஆகும் என்றான். உதயரூபன் பஸ்ஸில் உன்னிச்சைக்குப் போய், அன்னப்பூரணியின் உடுப்புகளையும் போன் சார்ஜரையும் ஒரு பையில் போட்டு, அடுத்த பஸ்ஸில் கல்லடிக்குக் கொண்டுபோனான். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப வேண்டாம் என்றான். மங்கையற்கரசி தேத்தண்ணி கொடுத்தாள். நீங்கள் எங்கே இருக்கப்போகிறீர்கள், வாகரைக்கா போகிறீர்கள் என்று கேட்டாள். அன்னப்பூரணியின் வீட்டைப் பார்க்க ஆள் வேண்டுமே என்றான். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் உன்னிச்சைக்குப் போனான்.