முகிலடைத்தானுக்கு விழாத திட்டு

பூமாலை கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். கச்சிராயபாளையம் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஆட்டைக்கூட அதட்டத் தெரியாத மனுஷன். சர்க்கரை ஆலை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது பின்னால் வந்தவன் முன்னால் நுழைந்தாலும், "போவட்டும், அவனுக்கு இன்னா அவசரமோ" என்று பேசாமல் இருந்துவிடுவார். அப்பேர்ப்பட்ட ஆளுக்குத் திருவிழாவில் அசுர ராஜா வேஷம் கிடைத்தால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்?

அசுரன் பெயர் முகிலடைத்தான். மேகங்களையெல்லாம் பிடித்துக் கல்வராயன் மலைக் குகையில் போட்டுப் பூட்டிய ராஜா. பங்குனியில், பட்டப்பகலில், ஏரிக்கரையில் அவன் கதையை ஆடுவார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. ஊர்ப் பெண்கள் அசுரனை வாயாரத் திட்டி, ஏரிச் சேற்றை அள்ளி அவன்மேல் வீச வேண்டும். திட்டு விழுந்தால்தான் அம்மன் கோயிலை விட்டு வருவாள், அவனை வதம் செய்வாள். திட்டு விழாத அசுரனிடம் அவளுக்கு வேலை இல்லை.

முன்னால் வேஷம் கட்டியவர்கள் மீசையை முறுக்கினார்கள், "மழையாவது, மண்ணாவது" என்று கொக்கரித்தார்கள், சேற்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பூமாலைக்கு அது பத்தவில்லை. அசுரப் படையில் மூங்கில் ஈட்டியோடு கடைசி ஆளாக நின்று நின்று காத்திருந்தவர் அவர். மற்ற நாளெல்லாம் எல்லோருக்கும் வழிவிடுகிறவருக்கு அந்த ஒரு நாள் ஊரே வழிவிடுகிறது. சும்மா கொக்கரித்துவிட்டுப் போக மனசு வருமா? வண்டி ஓட்டும்போதெல்லாம் அதே யோசனை. இவன் ஏன் மேகத்தை அடைத்தான்? இவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாளே? கடைசியில் அவனுக்கு ஒரு பிறப்பு வளர்ப்பையே உண்டாக்கிவிட்டார். முகிலடைத்தான் இதே ஊரில் ஒரு கூலிக்காரி வயிற்றில் பிறந்தவன். பஞ்சத்தில் ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் தாய் செத்துப்போனாள். அந்த வெறியில் தவம் கிடந்து, மேகங்களை அடக்கும் வரம் வாங்கினான்.

போன வருஷம் இதை ஆடினார் பாருங்கள், ஏரிக்கரையே அழுதது. திட்டுவதில் ஊருக்கே முதல் ஆளான அவர் மனைவி செங்கம்மாள்கூட முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டு ராணியம்மாள் ஒரு சொம்பு மோரோடு வந்து, "குடி ராசா, நாவறண்டு பேசிக்கினு கீறியே" என்றாள். இந்தப் புத்திசாலி அசுரனும் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு மோரைக் குடித்துத் தொலைத்தார்!

திருவிழாவை முன்நின்று நடத்துகிற பொன்னுரங்கத்துக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "திட்டுங்கடி! வாயத் தொறந்து திட்டுங்கடி!" என்று கத்தினார். பெண்கள் அவரைத் திட்டினார்கள். "தாயப் பறிகொடுத்த புள்ளயாண்ட போயி கத்துறியே, ஒனக்கு ஈரமே இல்லியா?"

அம்மன் பொழுது சாயும்வரை கோயிலுக்குள்ளேயே இருந்தாள். கடைசியில் ஆண்கள் நாலு பேர் பேருக்குத் திட்டி, அவளை வரவழைத்து ஒப்பேற்றினார்கள். பொன்னுரங்கம் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "அடுத்த வருசம் ஒரு தபா பாப்பேன். அப்பவும் திட்டு வுழலன்னா, கிரீடத்த இருசப்பன்கிட்ட குடுத்துடு."

இருசப்பன் மைக் செட்டுக்காரர். அவர் தொண்டைக்கு மைக்கே வேண்டாம். அன்றிலிருந்து மீசை வளர்க்க ஆரம்பித்தார்.

"ஆத்தா செத்த கதைய எடுத்துடேன்யா" என்றாள் செங்கம்மாள்.

"எடுத்துட்டா அவன் யாருன்னே தெரியாதேம்மே" என்றார் பூமாலை.

மாசி மாத வெயிலில் வண்டிக்காரர்கள் ஆலை வரிசையில் நின்றிருந்தார்கள். முன் வண்டிக்காரர் செல்லமுத்து, ரிஷிவந்தியத்துக்காரர். காலையில்தான் தன் தூக்குவாளியிலிருந்த கூழில் பாதியைப் பூமாலைக்கு ஊற்றிக் கொடுத்திருந்தார். மத்தியானம் வந்து, "ஒரு வாய் தண்ணி குடேன்" என்று கேட்டார். பூமாலையின் கேனில் பாதிக்கு மேல் இருந்தது. வரிசை நகரவே இல்லை, எப்போது நகருமோ என்ற பயம். "கம்மியாத்தான் கீதுண்ணா" என்று சொல்லி மூடியை இறுக்கிவிட்டார்.

செல்லமுத்து திரும்பி நடந்தார். பூமாலைக்குச் சுருக்கென்று தைத்தது. சீ, நானா இப்படிச் சொன்னேன்? கேனைத் தூக்கிக்கொண்டு ஓடி, "முழுக்கக் குடிங்கண்ணா" என்று நீட்டினார். செல்லமுத்து குடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றவருக்கு, முகிலடைத்தான் எப்படி அசுரனானான் என்று அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

பங்குனி வந்தது. ஏரிக்கரையில் நிற்க இடமில்லை. பூமாலை தாய் சாகும் கட்டத்தை ஒரு வரி விடாமல் ஆடினார். போன வருஷம் போலவே மூக்குறிஞ்சும் சத்தம். இருசப்பன் மீசையைத் தடவிக்கொண்டார். பொன்னுரங்கம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அப்போது ஒரு புதுக் கட்டம் வந்தது. அசுரனின் அக்கா, கைக்குழந்தையோடு அரண்மனைக்கு வருகிறாள். செல்போன் கடை வெற்றிவேல்தான் புடவை கட்டி வந்தான். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

"தம்பி, புள்ளைக்கு ஒரு வாய் தண்ணி."

"எனக்கு இல்லாதப்ப எவன் குடுத்தான்?" என்றான் அசுரன்.

"நாந்தான்டா குடுத்தேன். ஆத்தா செத்தப்பறம் கெடச்ச தண்ணியில, என் பங்கையும் ஒனக்குத்தான ஊத்தினேன்."

பூமாலை அவளை நிமிர்ந்து பார்த்தார். அவனுக்கு நினைவிருக்கிறது, நன்றாக நினைவிருக்கிறது என்று கூட்டத்துக்கே தெரிந்தது. தங்கச் செம்பைக் கையில் எடுத்தார். குழந்தையின் வாய்வரை கொண்டுபோனார். "நாளைக்கி எனக்கு வேணுமே" என்றார். அப்படியே கையைத் திருப்பித் தன் வாயில் ஊற்றிக்கொண்டார். மிச்சத்தைத் தரையில் கவிழ்த்தார்.



"அடப்பாவி!" செங்கம்மாள்தான். புருஷன் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. "அவ வாயில வுழவேண்டிய தண்ணியில வளந்த ஒடம்புடா அது! நீ வெளங்குவியா? ஒன் வாயில மண்ணு வுழ!" சேற்றை இரண்டு கையாலும் அள்ளி வீசினாள். நடு மார்பில் விழுந்தது.

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. "நன்றி கெட்டவனே!" "ஒனக்குப் போயி அழுதமேடா!" ராணியம்மாள் சொம்பையே விட்டெறிந்தாள். போன வருஷம் அவனுக்காக அழுதவர்கள் எல்லோரும் இந்த வருஷம் அவனை விடவில்லை. எங்கேயோ பிறந்த அசுரனையா திட்டினார்கள்? மடியில் வைத்து வளர்த்த பிள்ளை கெட்டுப்போனால் திட்டுவது போலல்லவா திட்டினார்கள்!

மேளம் அதிர அம்மன் வந்தாள். அசுரனை வதம் செய்தாள். பூமாலை சேற்றில் மல்லாந்து விழுந்தார். அப்போதும் பெண்கள் அடங்கவில்லை. பொன்னுரங்கம் குறுக்கே புகுந்து, மேலெல்லாம் சேறு வாங்கிக்கொண்டு கெஞ்சினார்.

"போதும்மா, வுட்டுடுங்கம்மா, அவன் செத்துட்டான்!"

யாரும் விடவில்லை. பூமாலை கண்ணைத் திறக்காமல் கிடந்தார், தலையில் கிரீடத்தோடு.